இரண்டாவது இதழ் வரவேண்டுமென்றால்

குழந்தைகளின் கையெழுத்துப் பத்திரிகை எங்கே தொடங்கினாலும் முதல் இதழ் பிரமாதமாக வந்துவிடும். அட்டையில் மயில், உள்ளே திருக்குறள், விடுகதை, பொன்மொழி, பெரியவர் ஒருவரின் வாழ்த்துரை. பதினாறு பக்கமும் ஒரே கையெழுத்தில் இருக்கும். எழுத்து முத்து முத்தாக இருக்கிற ஒரு பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து எழுதி வாங்கியிருப்பார்கள். இரண்டாவது இதழ் வராது. அந்தப் பிள்ளைக்குக் கை வலித்திருக்கும். மற்றவர்களுக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே வேலை இல்லை.

மாலைநேரப் படிப்பு மையமோ, கிளை நூலகத்தின் வராந்தாவோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியோ, இடம் எதுவானாலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால் மாதம் ஒரு இதழ் கொண்டுவந்துவிடலாம். செலவு பெரிதில்லை. பிள்ளை எழுதியதைப் படிக்க யாராவது நிஜமாகவே காத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. மார்க் போடுவதற்காகப் படிக்கிறவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

முதல் நாலு வாரம்

பேனாவைத் தொடவே வேண்டாம். வாசித்துக் காட்டுங்கள். தமிழ்க் குழந்தைக்கு இது இரட்டிப்பு அவசியம். வீட்டில் "நாய் வந்துச்சு" என்று பேசுகிற பிள்ளை புத்தகத்தில் "நாய் வந்தது" என்று பார்க்கிறது. அதுவரை காதில் அதிகம் விழாத மொழி திடீரென்று கண் முன்னால் வந்து நிற்கிறது. எழுத்துக்கூட்டி வாசித்து முடித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று பிள்ளைக்குப் பொறி தட்டாமல் போவதற்கு இதுவே காரணம். எழுத்துத் தமிழ் முதலில் காதுக்குப் பழக வேண்டும்.

இங்கே பெரியவர்கள் ஒரு தவறு செய்வார்கள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புரியட்டுமே என்று, முழுவதையும் பேச்சுத் தமிழில் சொல்லிவிடுவார்கள். அது கதை சொல்லல். நல்ல விஷயம்தான், வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வாசிப்பு நாளில் அச்சில் இருக்கிற வரியை அப்படியே வாசியுங்கள். நிறுத்தி, "அதாவது, பூனை பயந்து ஓடிப்போச்சு" என்று பேசுங்கள். பிறகு அதே வரியை இன்னொருமுறை அச்சில் உள்ளபடி வாசியுங்கள். மூன்றாவது புத்தகத்தில் இந்த நடு விளக்கம் தானாகக் குறைந்துவிடும்.

ஒரு அமர்வுக்குப் பன்னிரண்டு நிமிடம், ஒரு புத்தகம். படப் புத்தகம் என்றால் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், பின்வரிசைக்குப் படம் தெரியாது. தெரியாத பிள்ளை முன்னால் இருக்கிற பிள்ளையின் சட்டைக் காலரில் ஊதத் தொடங்கும், அத்தோடு வாசிப்பு முடிந்தது. ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. வெளிச்சம் புத்தகத்தில் விழ வேண்டும். புத்தகத்தைக் காது உயரத்தில் பக்கவாட்டில் பிடித்து, பக்கத்தைக் கீழ் முனையில் புரட்டுங்கள். மேலிருந்து புரட்டினால் உங்கள் கை படத்தை மறைக்கும். முந்தின நாளே வீட்டில் இரண்டு முறை வாய்விட்டு வாசித்துவிட்டு வாருங்கள். "அடுத்து என்ன ஆகும்?" என்று ஒரு புத்தகத்துக்கு ஒருமுறை கேட்கலாம். "இந்தக் கதை சொல்லும் நீதி என்ன?" என்று ஒருமுறைகூடக் கேட்க வேண்டாம்.

புத்தகத்துக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டியதில்லை. குழந்தைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் அமைப்பு 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலை 600 சொல் வரை, மூன்றாம் நிலை 1500 சொல் வரை என்று பிரித்திருக்கிறார்கள். தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி இருக்கிறது. பெயரிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது.

இந்த நிலைகளை வகுப்போடு முடிச்சுப் போடக் கூடாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முதல் நிலைப் புத்தகத்தை எடுத்தால் எடுக்கட்டும். ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். தமிழில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. "வந்துகொண்டிருந்தபோது" என்ற சொல்லில் பிள்ளை தடுக்கினால் பொருள் தெரியாததால் அல்ல, நீளத்தால். விரலால் பின்பகுதியை மூடி, வந்து, கொண்டு, இருந்த, போது என்று திறந்துகொண்டே போங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பிள்ளையே தன் விரலால் மூடித் திறக்கும்.

புத்தகங்களை அலமாரியில் முதுகு தெரிய அடுக்கிவைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். சுவரில் பிள்ளைகளின் தோள் உயரத்துக்குக் கயிறு கட்டி, துணி கிளிப்பில் அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். வாரம் பத்துப் புத்தகம் போதும், வாராவாரம் மாற்றுங்கள். இரவல் நோட்டைப் பிள்ளைகளே எழுதட்டும். சில புத்தகம் திரும்பாது, சில புத்தகம் சாம்பார் வாசனையோடு திரும்பும். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் மஞ்சளாகி மொடமொடத்து, ஒட்டிய இடத்தை ஒட்டியே மறுபடி கிழியும். மெல்லிய டிஷ்யூ தாளும் ஃபெவிக்காலும் போதும். பழைய ஆட்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது என்று. அது விஷம், பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு ஆகாது.

என்ன எழுதச் சொல்வது

ஐந்தாவது வாரம் எழுத ஆரம்பிக்கலாம். "என் பள்ளி", "மரம் வளர்ப்போம்", "தீபாவளி" என்று தலைப்புக் கொடுத்தால் முன்னுரை, பொருளுரை, முடிவுரையோடு கட்டுரை வந்து விழும். பிள்ளையின் தவறில்லை. அந்தத் தலைப்புக்கு எந்த வாக்கியம் எழுத வேண்டும் என்று அதற்கு ஏற்கெனவே பழக்கியிருக்கிறார்கள். தயாராக வாக்கியம் இல்லாத தலைப்பாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அப்பா சட்டைப் பையில் என்னென்ன இருக்கும்? உங்கள் தெருவில் யாரைக் கண்டால் நாய் குரைக்காது? கரண்ட் போனதும் வீட்டில் முதலில் யார் என்ன சொல்வார்கள்? பாட்டி எதை ஒளித்துவைத்திருக்கிறார்? இதற்கெல்லாம் நோட்ஸில் விடை கிடையாது.

எழுதத் தெரியாத பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். இதில்தான் பெரியவர்களின் கை சும்மா இருக்காது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "எங்க ஆடு நேத்து ராத்திரி குட்டி போட்டுச்சு. ரெண்டு. ஒண்ணு கருப்பு. இன்னொண்ணு நிக்கவே இல்ல." அருகில் இருப்பவர் எழுதுகிறார்: "எங்கள் வீட்டு ஆடு நேற்று இரவு இரண்டு அழகிய குட்டிகளை ஈன்றது." இலக்கணம் சுத்தம். நிற்காத குட்டி காணாமல் போய்விட்டது. சொல்லாத "அழகிய" உள்ளே வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் பிள்ளைக்கு முதல் வரியே ஓடாது, அது தன் வரி இல்லையே.

சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி: "நிக்காத குட்டிய என்ன பண்ணீங்க?" "அம்மா சாக்குல சுத்தி அடுப்புகிட்ட வெச்சாங்க. காலைல அது கத்துச்சு." இதோ இரண்டாவது பத்தி. நல்ல கேள்வி, பிள்ளை போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ஒன்றைப் பிடித்துக் கேட்பது. "இன்னும் விரிவா எழுது" என்றால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. சொன்னதை எழுதிய தாளை அந்தப் பிள்ளையிடமே கொடுத்து, அதைப் பார்த்து நல்ல தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பழகாத பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சிப் பாடம் கிடையாது, என்ன எழுதியிருக்கிறது என்று அதற்கு முன்பே தெரியும்.

பிழை திருத்தம்

முதல் படியில் சிவப்பு மை கூடாது. பச்சையும் கூடாது. முதலில் எழுத்தாளர் தன் கூட்டாளி ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். விட்டுப்போன சொல், இரண்டு முறை வந்த வரி, "அவன்" என்றால் யார் என்று புரியாத இடம் எல்லாம் அப்போதே அகப்பட்டுவிடும். பெரியவர் பார்ப்பது அதற்குப் பிறகு. அப்போதும் எல்லாவற்றையும் தொட வேண்டாம். பொருள் மாறுகிற இடத்தை மட்டும் பிடியுங்கள்: பல்லி, பள்ளி, கரி, கறி, பனி, பணி, அலை, அழை. "நாளை பல்லிக்கு லீவு" என்று எழுதியிருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளையும் சிரித்துக்கொண்டே திருத்தும், பிறகு மறக்காது. ஒற்று மிகும் மிகாது என்பதெல்லாம் எட்டாம் வகுப்புக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கே அது இன்னும் தகராறுதான்.

ஒரு தடவைக்கு ஒரு பிள்ளைக்கு மூன்று திருத்தம். நாலாவதைக் காட்டினால் பிள்ளை அடுத்த முறை தனக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்துக் கட்டுரையை முடித்துக்கொள்ளும். "காண்டாமிருகம்" என்று எழுத நினைத்த கை "மாடு" என்று எழுதும்.

வட்டாரச் சொல்லைத் திருத்தாதீர்கள். மதுரைப் பக்கத்துப் பிள்ளை "கம்மாய்" என்று எழுதினால் அதை "ஏரி" ஆக்க வேண்டாம். உரையாடல் பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும், மேற்கோள் குறி மட்டும் போடச் சொல்லிக்கொடுங்கள். கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழுக்கு நகர்வதைப் பிள்ளையின் காது பார்த்துக்கொள்ளும். நாலு வாரம் வாசித்துக் காட்டியது அதற்குத்தான்.

தாள், ஜெராக்ஸ், தையல்

ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். நாலு தாளை ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் பதினாறு. பக்க எண்ணிக்கை எப்போதும் நாலின் மடங்காகத்தான் இருக்கும். பதினாலு பக்கத்துக்குச் சரக்கு இருந்தால் இரண்டு பக்கம் படத்துக்கு.

பிள்ளைகள் பாதித் தாளில், அதாவது ஏ5 அளவில், தனித்தனியாக எழுதட்டும். ஓரத்தில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது விட வேண்டும், ஜெராக்ஸ் மிஷின் விளிம்பைத் தின்றுவிடும். வெள்ளைத் தாளில் வரி கோணல்மாணலாகப் போகும் என்றால், 12 மில்லிமீட்டர் இடைவெளியில் கருப்பாகக் கோடு போட்ட தாள் ஒன்றை அடியில் வையுங்கள். 70 ஜி.எஸ்.எம். கனமுள்ள தாளில் கோடு மேலே தெரியும். அந்த இடைவெளியில் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து வரி, வரிக்கு நாலு சொல், ஆக அறுபது சொல். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் என்பது அளவு. அறுபது சொல்தானே என்றால் எந்தப் பிள்ளையும் பயப்படாது.

எழுதுவது கருப்பு ஜெல் பேனாவில். பென்சில் எழுத்து ஜெராக்ஸில் மங்கும், வெளிர் நீலமும் அப்படித்தான், மஞ்சள் காணாமலே போகும். படத்தைப் பென்சிலில் வரைந்து, மேலே கருப்புப் பேனா ஓட்டி, ரப்பரால் அழிக்கச் சொல்லுங்கள். வண்ணம் பிறகு.

அடுத்தது பக்கங்களை ஏ4 தாளில் ஒட்டுவது. முதல் இதழில் எல்லோரும் சொதப்புகிற இடம் இது. தாளின் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 1. அதன் பின்புறம் இடம் 2, வலம் 15. அடுத்த தாள் 14, 3. பின்புறம் 4, 13. அப்புறம் 12, 5, 6, 11. கடைசியாக 10, 7, 8, 9. ஒரு முகத்தில் இருக்கிற இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு ஒட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். முதலில் காலித் தாள்களை மடித்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்து, எண் போட்டுப் பிரித்துப் பார்த்தால் ஏன் 16-க்குப் பக்கத்தில் 1 வருகிறது என்று அவர்களுக்கே புரிந்துவிடும். தண்ணியான பசை தாளைச் சுருக்கி ஜெராக்ஸில் நிழல் கொடுக்கும், கோந்துக் குச்சியே நல்லது.

கடைக்காரரிடம் இருபக்கமும் எடுக்கச் சொல்லும்போது முதல் தாளை மட்டும் ஒன்று எடுத்து மடித்துப் பார்த்துவிடுங்கள். பின்பக்கம் தலைகீழாக வருவது சகஜம். தாளின் ஒரு முகத்துக்கு ஒன்று முதல் இரண்டு ரூபாய் என்றால் எட்டு முகத்துக்கு ஒரு பிரதி எட்டு முதல் பதினாறு ரூபாய். இருபது பிரதி போதும்.

சாதாரண ஸ்டேப்ளரின் வாய் தாளின் நடுமடிப்பு வரை எட்டாது. ஸ்டேப்ளரை விரித்து, அடியில் தெர்மாகோல் துண்டை வைத்துக் குத்தி, பின்னைப் பின்புறம் கரண்டிக் காம்பால் மடக்கலாம். அதைவிட நூல் அழகு, பிள்ளைகளுக்கும் அதில்தான் ஆசை. மடிப்பின் நீளம் 21 சென்டிமீட்டர். மேலிருந்து மூன்றரை, பத்தரை, பதினேழரை சென்டிமீட்டரில் மூன்று துளை. கோணி ஊசியால் துளை போடுவது பெரியவர் வேலை. 50 சென்டிமீட்டர் கெட்டி நூல். உள்பக்கத்திலிருந்து நடுத் துளை வழியே வெளியே வந்து, மேல் துளை வழியே உள்ளே போய், உள்பக்கமாகவே நடுத் துளையைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே வந்து, மறுபடி நடுத் துளை வழியே உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனையும் உள்பக்கம் இருக்கும். மடிப்பில் ஓடும் நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனையாக வைத்து முடிச்சுப் போட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் நடுவில் தொளதொளவென்று நிற்கும்.

பிரதிகளுக்கு வண்ணம் தீட்டுவது கலர் பென்சிலில் மட்டும். ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும், கிரேயான் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். இருபது பிரதியிலும் ஒரே பூனை இருபது நிறத்தில் வரும். நல்லதுதான்.

யார் படிப்பார்கள்

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அதே 1931-ல்தான் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. வாசகர் வருவார் என்று காத்திருக்காமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார்கள். இருபது பிரதிக்கும் அப்படித்தான் ஆள் தேட வேண்டும். முடிதிருத்தும் கடை, டீக்கடை, சத்துணவுக் கூடம், கிளை நூலகம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் காத்திருக்கும் பெஞ்சு. கொடுக்கப் போவது பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக. "அண்ணே, இது நாங்க போட்டது. படிச்சுட்டு கடைசிப் பக்கத்துல ஒரு வரி எழுதுங்க" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். கடைசிப் பக்கத்தைக் கோடு மட்டும் போட்டுக் காலியாக விடுவது இதற்காக. பத்து நாள் கழித்துப் போய் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வரட்டும். "ஆட்டுக்குட்டி அப்புறம் எந்திரிச்சு நின்னுச்சா இல்லையா, எழுதவே இல்லையே" என்று டீ மாஸ்டர் கிறுக்கியிருந்தால் அடுத்த இதழுக்கு ஒரு பக்கம் தயார். வெளியூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு பிரதியும், கூடவே பதில் எழுத 50 பைசா அஞ்சலட்டை ஒன்றும் அனுப்பலாம். சித்தப்பாவுக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவைப்பது நல்லது.

வேலையைக் கெடுக்கிற ஆட்களும் உண்டு, பெரும்பாலும் நல்லெண்ணத்தில். முதலாவது, பரிசு. சிறந்த படைப்புக்கு ஒரு பேனா என்று அறிவித்த மறுநாளே அம்மாக்களின் நடையில் கட்டுரைகள் வரத் தொடங்கும். "இயற்கை அன்னையின் மடியில்" என்று ஏழு வயது எழுதினால் விஷயம் தெரிந்துவிடும். திட்ட வேண்டாம். "நல்லா இருக்கு, இது அம்மா பக்கத்துல போடலாம். உன்னோடது எங்க?" என்று கேட்டால் போதும். அம்மா பக்கம் என்று உண்மையிலேயே ஒன்று வைத்தால் இன்னும் நல்லது, சில அம்மாக்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். இரண்டாவது, இணையத்தில் பார்த்து எழுதுவது. எழுதும் நேரம் நாற்பது நிமிடம், எழுதும் இடம் மையம், வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை என்று வைத்துவிட்டால் தொல்லை பாதி ஒழிந்தது. மூன்றாவது, வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விடுவது. நூறு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். கடைசிப் பக்கத்தில் யாரும் எழுத மாட்டார்கள்.

ஓரமாக நிற்கிற பிள்ளை எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். எழுதவும் வராது, படமும் வராது என்று தானே சொல்லிக்கொள்ளும். பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். மூன்று கேள்வி, ஒரு ஆள். பஸ் கண்டக்டரிடம் போய் "நீங்க ஒருநாள் எத்தனை தடவ ‘உள்ள போ, உள்ள போ’ன்னு சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டு வருகிற துணிச்சல் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் இருக்கும். பதிலைக் கூட்டாளி எழுதிக்கொள்ளட்டும், பெயர் இரண்டு பேருடையதும் போட வேண்டும்.

மூன்றாவது இதழிலிருந்து ஆசிரியர் பொறுப்பை மாதம் இரண்டு பிள்ளைகளிடம் கொடுங்கள். எந்தப் பக்கம் எங்கே, யாருடையது விட்டுப்போனது, ஜெராக்ஸ் கடைக்கு யார் போவது, எல்லாம் அவர்கள் பாடு. தாமதமாகும். ஐந்தாம் பக்கமும் பன்னிரண்டாம் பக்கமும் இடம் மாறி ஒட்டியிருக்கும். அப்படியே விட்டுவிடுங்கள், கண்டுபிடித்துச் சொல்ல வாசகர் இருக்கிறார். ஒட்டிய மூலத் தாள்களை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாதவாரியாக வைத்திருங்கள். பிரதி தீர்ந்தபிறகும் யாராவது ஒருவர் வந்து, ஆட்டுக்குட்டி வந்த இதழ் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்பார்கள்.